ஏழாவது மாடியில் பெண் பார்த்தல்

லிஃப்ட் கண்ணாடியில் கொசுவத்தைச்
சரிசெய்து முடிக்கவில்லை,
கதவு திறந்துவிட்டது.
இன்னாசி எனக்கு முன்பே வந்திருந்தார்.
நகக்கண்ணில் டயர்க் கருப்பு.
அரசரடியில் ரீட்ரெடிங் பட்டறை என்று
தரகர் ஜெபமாலை சொன்னதில்
அதுவரைக்கும் உண்மை.

கோயிலில் சந்தித்தால் பங்குச் சாமியார் பார்ப்பார்,
காபிக் கடை என்றால் ஊரே பார்க்கும்,
பைபாஸ் ரோட்டில் இந்த மாடிக்கு
நம்ம சனம் ஒருத்தரும் ஏறி வராது என்று
கணக்குப் போட்டு இடம் சொன்னது அவர்தானாம்.
அவருக்கு நாற்பத்தேழு. எனக்கு நாற்பத்தொன்று.
பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது. டிம்சம்.

மெனு அட்டை வாசக நூல் கனம் கனத்தது.
'அயிரை மீன் ராமென், எழுநூற்று இருபது'
என்று பூசையில் வாசிப்பதுபோல வாசித்தவர்
"அயிரை விக்கிற விலைக்கு
நாலு மீனுக்கு மேல போட மாட்டான், பாருங்க" என்றார்.
கோப்பை வந்தது.
கரண்டியால் துழாவி எண்ணினேன்.
ஐந்து.
தோற்றதில் அவருக்குச் சந்தோஷம்.

மல்லிகை டீ வந்தது. குடித்தால்
தலையில் வைத்த பூவை
யாரோ வெந்நீரில் முக்கிய வாசம்.
குச்சிகளை அவர் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார்,
பிறகு ஸ்பேனர்போல்,
பிறகு மேசைமேல் சிலுவையாக வைத்துவிட்டு
கையால் எடுத்துக்கொண்டார்.

பரிமாறிய பையன் மிசோரம்.
சட்டையில் 'ரின்' என்று பெயர்.
"அக்கா, அந்தப் பச்சைய
கடுகளவு தொட்டுக்கங்க, ஏறிரும்" என்றான்
ஆரப்பாளையத்தில் பிறந்தவன் மாதிரி.
இன்னாசி அப்போது போனில் இருந்தார்:
"பிரஷரை இறக்குடா, நான் வர்ற வரைக்கும்
மோல்டைத் திறக்காத."
போனை வைத்தார்.
நெல்லிக்காய் அளவுப் பச்சை உருண்டையை
புதினாத் துவையல் என்று
ஒரே வாயில் போட்டார்.

முகம் என்னவெல்லாமோ ஆனது.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
என் வாய் தானாகச் சொன்னது:
மூச்சை இழுங்க.
பிடிச்சுக்கங்க.
ம், விடுங்க.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன்,
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.
கண்ணாடி இல்லாமல் சொன்னது
இதுதான் முதல் தடவை.

"அரை நிமிஷந்தான் சார், போயிரும்" என்றான் ரின்.
அரை நிமிஷம் போனது.
மூன்று நிமிஷம் போனது.
துணி நாப்கினை மடித்து மடித்து
இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"பவுலினுக்குக் கடைசியா..." என்று ஆரம்பித்து,
"ஏசி ஜாஸ்தி" என்று முடித்தார்.
பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள்.
கை தட்டினார்கள்.
கேக் மேலே வாணம் சீறியது.

எனக்கும் ஒருத்தர் இருந்தார்.
மஞ்சள் காமாலை, பதினெட்டே நாள்.
அடக்கம் முடிந்து வந்து
ஈரத் துணியை மாடியில் காயப்போட்டவள் நான்.
நெஞ்சழுத்தக்காரி என்றார்கள் நாத்தனார்கள்.

"தம்பி,
அந்தப் பச்சை இன்னொரு உருண்டை."

ரின் தயங்கினான். கொண்டுவந்தான்.
இன்னாசி "வேண்டாங்க" என்று எழப்போனார்.
அதற்குள் போட்டுவிட்டேன்.
மூக்கு வழியாக உச்சிக்கு ஒரு கம்பி போனது.
அதன் பின்னால் வந்ததெல்லாம்
அதனால் வந்ததுதான் என்று
யாரும் நம்பலாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக,
தப்புத் தப்பாக:
"மூச்ச இழுங்க...
அப்புறம் என்னமோ சொன்னீங்களே?"

பில் இரண்டாயிரத்து எண்ணூற்று சொச்சம்.
பாதி தருகிறேன் என்றதற்கு
சண்டை போடாமல் வாங்கிக்கொண்டார்.
அது பிடித்திருந்தது.
குச்சி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதைத்தான்
கொண்டையில் செருகியிருந்தேன்.
விறகு பிளந்து சிராய் ஏறியது என்று
திருமங்கலத்துக்காரர் ஒருவர் கையை நீட்டினார்.
மரம் படத்தில் விழாதுங்க, என்றேன் வழக்கம்போல,
தெரியலைங்கிறதால இல்லைன்னு ஆகாது,
டாக்டர் அமுக்கித்தான் பார்க்கணும்.

சொல்லும்போதே மேசையில் போன் அதிர்ந்தது.
வரிசையில் பதினொரு நெஞ்சுப் படம் பாக்கி.
முடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.